இடுப்பில் குடம் வைத்த மளிகைக்காரர்

அந்த மெயிலைப் படித்து முடித்ததும் அழித்துவிடத்தான் போனேன். அனுப்பியவள் முன்பின் தெரியாதவள். எரித்திரியாவில் பிறந்து, சவுதியில் செங்கடலோரத்து நகரம் ஒன்றில் வளர்ந்து, இப்போது இங்கிலாந்தில் இருக்கிறாளாம். முதல் நாவல் அங்கே வெளிவந்திருக்கிறதாம். அதை நான் தமிழில் மொழிபெயர்க்க வேண்டுமாம். வேறு எந்த மொழிக்கும் முன்னால் தமிழில்தான் வர வேண்டும், உரிமையை இலவசமாகவே தருகிறேன் என்று எழுதியிருந்தாள்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். சொந்த ஊர் பரளச்சிப் பக்கம். இரண்டு புத்தகங்கள் மொழிபெயர்த்திருக்கிறேன். மதுரையில் ஒரு சின்னப் பதிப்பகம் அவற்றைப் போட்டது. அவற்றை முழுக்கப் படித்தவர்கள் யார் யார் என்று என்னால் ஆள் ஆளாகச் சொல்ல முடியும். அப்படி இருக்கும்போது கடல் கடந்து ஒருத்தி என்னைத் தேடி வருகிறாள் என்றால் நம்புகிற மாதிரி இல்லை.

என் வீட்டுக்காரர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மெயிலைக் காட்டியதும் கண்ணாடியைக்கூடப் போடாமல் சொன்னார்: "ஆப்பிரிக்காக்காரங்க மெயிலுன்னா தொடாதன்னு ஊரே சொல்லுது. நாளைக்கு ஓடிபி கேப்பா, பாத்துக்க."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் மனதிலும் அதுவேதான் ஓடியது. இணையத்தில் தேடினேன். புத்தகம் இருந்தது. ஆசிரியரின் படம் இருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும், மஞ்சள் துணியால் முடியை ஏற்றிக் கட்டியிருந்தாள். மதிப்புரைகளும் இருந்தன. புலம்பெயர்ந்த ஆப்பிரிக்க எழுத்தில் ஒரு புதுக் குரல் என்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். ஏமாற்று இல்லை என்று தெரிந்த பிறகும் என் சந்தேகம் தீரவில்லை. ஏன் நான்? ஏன் தமிழ்?

நாவலை அனுப்பச் சொல்லிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை ஒரு சிறுமியுடையது. செங்கடலோரத்து நகரத்தில் நான்கு மாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் சிறுமியும், துணி தைத்துப் பிழைக்கும் அம்மாவும். அவர்களிடம் இக்காமா இல்லை. அங்கே தங்குவதற்கு வேண்டிய அட்டை அது. கீழே தெருவைப் பார்த்த மாதிரி ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் இந்தியாவிலிருந்து வந்தவர், இடது காதில் பாதி இல்லாதவர். அவர் சிறுமியை அரிசி மூட்டை மேல் உட்கார வைத்துத் தன் ஊர்க் கதைகளைச் சொல்கிறார்.

அந்தக் கதைகள் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வருஷத்தில் பாதி நாள் ஆட்கள் நடந்து கடக்கிற ஏரி. அதன் கரையில் காயப்போட்டிருக்கும் சிவப்பு மிளகாய். அதை அவர் மிளகாய் என்று சொல்வதில்லை, மிளகாய்ப் பழம் என்கிறார். இனிப்பான நெற்றுகளை ஆடு தின்று, போகிற இடமெல்லாம் விதை போட்டு, ஊரையே வளைத்துக்கொண்ட முள்மரம். கடையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் 'வாரேன்' என்பார். அதை இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே போட்டிருந்தாள். ஊரின் பெயர் இல்லை. ஒரு வீர அரசனின் பெயரை வைத்துக்கொண்ட, பள்ளிவாசலும் சந்தையும் உள்ள ஊர் என்று மட்டும் இருந்தது.

வீரசோழன். என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் திருச்சுழி தாண்டிப் போய் இறங்கிவிடலாம்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடுத்தாற்போல் வழக்கமான சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் அந்தக் கதைகளில் பிசகு இருந்தது. ஊருணியில் தண்ணீர் மொண்டு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்ததைப் பற்றி மளிகைக்காரர் சொல்கிறார். எந்த ஊரில் ஆம்பளை இடுப்பில் குடம் வைத்து நடந்தான்? தோளில் வைப்பான், இல்லாவிட்டால் சைக்கிளில் கட்டுவான். சிறுமி எதையாவது கீழே போட்டால் அவர் 'ஆத்தி' என்கிறார். எங்கள் பக்கம் அது பொம்பளைகள் வாயில் வருகிற சொல். இன்னொரு இடத்தில் அவர் சிறுமிக்குப் பேன் பார்த்துவிடுகிறார். இவள் இந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை, எவரோ சொன்னதையும் எங்கேயோ படித்ததையும் கலந்து அடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

கதையின் கடைசிப் பகுதியில் போலீஸ் வருகிறது. சிறுமி எதிர்ச்சாரியில் ரொட்டி வாங்கிக்கொண்டு நிற்கிறாள். கடைக்காரர் போலீஸ்காரர்களிடம் என்னவோ பேசுகிறார். பிறகு கையைத் தூக்கி மேலே காட்டுகிறார். அவர்கள் மூன்றாவது மாடிக்கு ஏறுகிறார்கள். அம்மாவும் மகளும் நாடு கடத்தப்படுகிறார்கள், பிரிகிறார்கள், பல வருஷம் கழித்துத்தான் ஒன்று சேர்கிறார்கள். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நாவலில் எங்கேயும் இல்லை. வளர்ந்த பிறகும் அந்தப் பெண் யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறாள். நாவல் அப்படியே முடிகிறது.

வீடியோவில் முதல் தடவை பேசியபோது நான் கண்ட பிசகுகளைச் சொன்னேன். குடம், ஆத்தி, பேன். தமிழில் இதெல்லாம் உறுத்தும், திருத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

"வாசகர்கள் உங்களைத்தான் தப்பாக நினைப்பார்கள்."

"நினைக்கட்டும்."

"அந்தக் கடைக்காரர் நிஜமான ஆளா?"

"இது நாவல்" என்றாள். அதற்குப் பிறகு இங்கிலாந்தின் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. இங்கிலீஷில் வந்தவரை அந்த மனிதருக்குக் கெடுதல் இல்லை. தமிழில் வந்தால்? எங்கள் மாவட்டத்து நூலகங்களுக்குப் போகும். பாதிக் காது, ஊர் அடையாளம், மளிகைக் கடை, எல்லாம் போட்டிருக்கிறது. அவர் உயிரோடு இருந்தால் காட்டிக்கொடுத்தவன் என்று அவர் நெற்றியில் எழுதுகிறவள் நானாக இருப்பேன். அவள் எழுதியது பொய்யாக இருந்தால் இன்னும் மோசம்.

எங்கள் கல்லூரி வணிகவியல் துறையில் வீரசோழன்காரர் ஒருவர் இருக்கிறார். இடைவேளையில் அவரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"காது பாதி இல்லாதவுகளா?" என்றார் உடனே. "எங்க தெருவுலதான் இருக்காக மேடம். சின்னப் பிள்ளையில நாய் கடிச்சது. சவுதியில மளிகைக் கடை வெச்சிருந்தாக. இப்ப இங்கனக்குள்ள பிளாஸ்டிக் சாமான் விக்கிறாக. என்ன விஷயம்?"

ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். திருச்சுழி தாண்டியதும் இரண்டு பக்கமும் கருவேலங்காடு. நடுநடுவே விறகைக் கரியாக்குகிற மூட்டங்களின் புகை. நாவலில் படித்த முள்மரம்தான். ஆனால் அன்று அதைப் பார்த்தபோது எவளோ என்னை முந்திக்கொண்டு இங்கே வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

கடையைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. வாசலில் வாளிகளும் குடங்களும் கயிற்றில் தொங்கின. உள்ளே வெள்ளைத் தாடி வைத்த, ஒல்லியான மனிதர் உட்கார்ந்திருந்தார். இடது காதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். அருப்புக்கோட்டையில் டீச்சர் என்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உள்பக்கம் திரும்பி, "டீ கொண்டாங்க" என்றார். கடைக்குப் பின்னால்தான் வீடு. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை டம்ளரை நீட்டியது. வாங்கிக் கொடுத்தார்.

"யாரு பிள்ளைக்கு அட்மிசன் விஷயமா வந்தீகளா டீச்சர்?"

"இல்லங்க. ஒரு புத்தகம் மொழிபெயர்க்கிறேன். நீங்க சவுதியில கடை வெச்சிருந்த பில்டிங்கப் பத்தி அதுல வருது. மூணாவது மாடியில துணி தைக்கிற ஒரு அம்மாவும், ஒரு பெண் குழந்தையும் இருந்தாங்களாமே. எரித்திரியாக்காரங்க. அந்தக் குழந்தைதான் எழுதியிருக்கு."

அவர் தரையைப் பார்த்தபடி கையில் இருந்த துணியை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார்.

"அப்படி யாரும் இல்லையே."

"பாதிக் காதுன்னு எழுதியிருக்கு. இந்த ஊர்க் கதையெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சொன்னீங்களாமே."

"நான் யாருக்கும் ஒரு கதையும் சொன்னதில்ல டீச்சர்" என்றார். இதைச் சொன்னபோது என்னை நேராகப் பார்த்தார். எழுந்து ஷட்டர் கம்பியை எடுத்தார். "தொழுகைக்கு நேரமாச்சு. தப்பா நெனைக்காதீக."

பாங்கு இன்னும் சொல்லவில்லை. நான் பஸ் நிறுத்தத்துக்கு வந்து வெகுநேரம் நின்ற பிறகுதான் பாங்கு கேட்டது. இவர்தான், இவரேதான் காட்டிக்கொடுத்திருக்கிறார் என்று எனக்குள் தீர்மானமாகிவிட்டது. ஒன்று மட்டும் இடறியது. பொய் சொல்கிறவர் மூன்றாவது மாடியைப் பற்றிச் சொன்னபோது தரையைப் பார்த்தார். கதை சொன்னதில்லை என்றபோது மட்டும் கண்ணுக்குக் கண் பார்த்தார்.

வேலை நின்றுபோனது. பதிப்பகத்துக்காரர் போன் செய்தால் கல்லூரியில் பரீட்சை என்றேன். வீட்டுக்காரர், "நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார், எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாமல்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் வாசலில் மணி அடித்தது. கறுப்பு புர்க்கா போட்ட ஓர் அம்மா தனியாக நின்றார். ஐம்பது தாண்டிய வயது. முகத்துணியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி கேட்டார்:

"கடைக்கு வந்த டீச்சர் நீங்கதான? நாந்தான் அன்னைக்கு டீ குடுத்தது. ஒங்க காலேசு சார்கிட்டதான் வீடு கேட்டேன். கண்ணாடி மாத்தணும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் புஸ்தகத்துல என்ன எழுதியிருக்கா? எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

"ஒங்க வீட்டுக்காரர் அப்படி யாருமே இல்லைன்னாரே."

"அவுக அப்படித்தான் சொல்லுவாக. நீங்க வாசிங்க."

கேட்டதும் எனக்குத் தோன்றியது இதுதான்: வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார். புத்தகத்தில் எவ்வளவு வருகிறது என்று தெரிந்துகொண்டு வக்கீலிடம் போவார்கள். அதனால் போலீஸ் வரும் பகுதியை எடுக்காமல், ஊர்க் கதை வரும் அத்தியாயத்தை எடுத்து, நான் தமிழில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். ஊருணிக்குப் போகிற வழி. முள் குத்தினால் ஊக்கால் எடுப்பது. தண்ணீர் மொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பது.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நிறுத்தினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தி! இவுக எந்தக் காலத்துல இடுப்புல கொடம் தூக்குனாக?"

நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

"இது நான் சொன்னது டீச்சர்" என்றார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அம்புட்டும் நான் சொன்னது. அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னும்போது சொன்னது. அது தலையில பின்னுறதுக்கு ஒரு பொழுது ஆகும். சும்மா இருக்காது, அழும். அதுக்காகச் சொன்னது. இவுகளுக்குக் கதை சொல்ல எங்க நேரம்? இவுக அந்தப் பிள்ளைகிட்ட பேசுனதே கிடையாது. என் பேச்சையெல்லாம் தூக்கி இவுக வாயில வெச்சுட்டாளா?"

 அப்புறம், "மிச்சத்தையும் வாசிங்க" என்றார். போலீஸ் வரும் இடத்தை வாசித்தேன். தமிழாக்கம் முடியவில்லை, இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்து வாய்க்கு வந்த தமிழில் சொன்னேன். கையை மேலே தூக்கிய இடத்தையும் சொன்னேன்.

"என்னையக் காணோமே இதுல" என்றார்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

மெக்கா யாத்திரைக்குக் கொடுக்கிற உம்ரா விசாவில் போனாராம். திரும்ப வரவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் சேர்ந்தாற்போல் இருந்தது ஆறு மாதம்கூட இல்லை, பிள்ளையும் இல்லை, ஊரில் பேச்சுக் கேட்க முடியவில்லை. அதனால் அங்கேயே தங்கிவிட்டார். கடைக்குப் பின்னால் மாவு மூட்டை அடுக்கிய அறையில் படுக்கை. வெளியே தலை காட்டக்கூடாது. பகலெல்லாம் மூன்றாவது மாடியில் அந்தத் தையற்கார அம்மாவோடு இருப்பார். பித்தான் வைத்துக் கொடுப்பார். ஒருத்தி பேச்சு இன்னொருத்திக்குப் பாதிதான் புரியும். ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

"அன்னைக்கு நான் கீழ மூட்டைக்குப் பின்னால இருந்தேன். போலீசு ரெண்டு பேரு வந்து கேட்டாக. இந்தக் கட்டடத்துல கார்டு இல்லாத பொம்பள ஒருத்தி இருக்காளாமேன்னு. என்னையத்தான் கேட்டாக டீச்சர். யாரோ என்னையப் பத்திச் சொல்லியிருக்கான். இவுக மூணாவது மாடின்னுட்டாக."

"ஒங்களுக்கு அரபி தெரியுமா?"

"அரைகுறைதான். ஆனா மூணுன்னா என்னன்னு தெரியும்."

அவர் கண்ணைத் துடைக்கவில்லை. கையை மடியில் வைத்து, ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"நான் எந்திரிச்சு வெளிய வந்திருக்கலாம். வரல. அவளைக் கூட்டிட்டுப் போறப்ப மாடிப்படியில செருப்புச் சத்தம் கேட்டுச்சு. அப்பயும் வரல. அடுத்த மாசமே ஊருக்கு வந்துட்டேன். பொறவு ரெண்டு பிள்ளைக பொறந்துச்சு, ரெண்டுக்கும் கல்யாணம் முடிச்சாச்சு. இன்னைக்கு வரைக்கும் இவுகளும் அதப் பேசுனதில்ல, நானும் பேசுனதில்ல."

போகும்போது, இதையெல்லாம் அவளிடம் சொல்லவா என்று கேட்டேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் இருந்தேனான்னு மட்டும் கேளுங்க. அவ என்ன சொல்லுறான்னு பாப்போம்" என்றார். அவருக்கும் அந்தப் பெண் மேல் ஒரு சந்தேகம் இருந்தது. வேண்டுமென்றே தன்னை விட்டுவிட்டாளா, மறந்தே போய்விட்டாளா என்று.

அந்த வாரமே வீடியோவில் பேசினேன். "அந்தக் கட்டடத்தில் கடைக்காரரின் மனைவியும் இருந்தார், இல்லையா?" என்றேன்.

திரையில் அவள் படம் அணைந்தது. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு குரல் மட்டும் வந்தது.

"போய்ப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"இருக்கிறார்களா?"

"இருக்கிறார்."

 முதல் பிரதியில் அவரை எழுதியிருந்தேன் என்றாள். கதை சொன்னதும், பேன் பார்த்ததும், முதன்முதலில் தனக்குச் செருப்பு கொடுத்ததும் அவர்தான். எழுதிக்கொண்டு வரும்போது போலீஸ் வரும் நாளும் வந்தது. தினமும் தங்கள் வீட்டில் சாப்பிட்ட மனுஷி அன்று மட்டும் ஏன் மேலே வரவில்லை என்ற கேள்வியை அவளால் தாண்ட முடியவில்லை.

"அவரைச் சந்தேகப்பட எனக்குத் துணிச்சல் இல்லை" என்றாள். "கடைக்காரரைச் சந்தேகப்படுவது சுலபம். அவரை எனக்குத் தெரியவே தெரியாது. அதனால் அவர் மனைவியை நாவலிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் அந்த அம்மா சொன்ன கதைகளை எடுக்க முடியவில்லை. அவற்றை எங்கேயாவது வைக்க வேண்டியிருந்தது."

"ஏன் என்னிடம் வந்தீர்கள்?"

"மொழிபெயர்ப்பாளர்களின் ஊர்களை வரைபடத்தில் பார்த்தேன். அந்த அம்மாவின் ஊருக்கு நீங்கள்தான் பக்கம்."

நான் நன்றாக மொழிபெயர்க்கிறேன் என்பதற்காக வரவில்லை. வழியில் இருக்கிறேன் என்பதற்காக வந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மாறாக, மெயில் வந்த நாளிலிருந்து நெஞ்சில் இருந்த ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது. காரணம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அடுத்த வாரம் கண்ணாடி சரியில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி வந்தார். என் லேப்டாப்பின் முன்னால் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். திரையில் அந்தப் பெண் வந்தாள். அவள் தலைத்துணியை அவிழ்த்து, முடியைத் திருப்பிக் காட்டினாள். எட்டாகப் பிரித்துப் பின்னிய சடைகள்.

"வகிடு கோணலா இருக்கு" என்றார் அந்த அம்மா தமிழில். நான் மொழிபெயர்த்தேன். அவள் சிரித்தாள்.

அப்போது திரைக்குள் இன்னொரு முகம் வந்தது. நரைத்த புருவமும் தடித்த கண்ணாடியுமாக ஒரு வயதான பெண். அந்தத் தையற்கார அம்மா. அந்தப் பெண் எழுந்து இடம் விட்டாள். இரண்டு பேரும் அரபியில் பேச ஆரம்பித்தார்கள். இங்கே அரைகுறை அரபி, அங்கே என்ன மாதிரி அரபியோ. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஒரு கட்டத்தில் இந்த அம்மா மூன்று விரலைக் காட்டி, பிறகு தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பக்கம் கண்ணாடியைக் கழற்றினார்கள்.  பிறகு அந்தப் பக்கத்துக் குரல் உயர்ந்தது, கோபமா என்று தெரியவில்லை. இந்த அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

முடிந்ததும் நான் கேட்டேன்: "என்ன சொன்னாங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டா."

"அப்புறம்?"

"அப்புறமும் கேட்டா" என்று எழுந்தார். "வீரசோழன் பஸ்ஸு எத்தன மணிக்கு டீச்சர்?"

அன்று மாலை இங்கிலாந்திலிருந்து மெயில் வந்தது. என்ன பேசினார்கள் என்று உங்களிடமாவது சொன்னார்களா, என் அம்மா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று அவள் கேட்டிருந்தாள். இல்லை என்று பதில் போட்டேன். அவள் என்னை நம்பியிருப்பாளா என்று தெரியாது.

மொழிபெயர்ப்பை முடித்தேன். எதையும் மாற்ற வேண்டாம் என்று அவளும் சொன்னாள், அந்த அம்மாவும் சொன்னார். ஊரைச் சொல்லும் அந்த வரியையும் காதையுமாவது எடுத்துவிடலாமே என்று அந்த அம்மாவிடம் வாதாடினேன். "அவுக படிக்கணும். படிச்சா அவுகன்னு தெரியணும்ல" என்றார். புத்தகம் வந்ததும் வீரசோழனுக்கு இரண்டு பிரதி அனுப்பி வைத்தேன்.

சில மாதம் கழித்து, அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் பாலவனத்தம் போகிற வண்டிக்கு நின்றுகொண்டிருந்தேன். அந்த ஊரில் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு வளைகாப்பு. பின்னாலிருந்து யாரோ "டீச்சர்" என்றார்கள். அவர்தான். வீரசோழன் கடைக்காரர். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் மக்குக் கட்டு. லோடு வண்டி வரவில்லை, தானே சாமான் எடுக்க வந்ததாகச் சொன்னார். தப்பித்துப் போக வழி இருக்கிறதா என்று ஒரு நொடி சுற்றுமுற்றும் பார்த்தேன். அவர் கட்டைக் கீழே வைத்தார்.

"படிச்சேன்."

 "நல்லா இருந்துச்சா" என்று கேட்கவா முடியும்?

"ஒரு எடத்துல பிசகு இருக்கு டீச்சர்" என்றார். அக்கம்பக்கம் பார்க்காமல், சாதாரணக் குரலில் சொன்னார். "நான் கையத் தூக்கிக் காட்டல. வாயாலதான் சொன்னேன். அந்தப் பிள்ள எதிர்ச்சாரியில நின்னுச்சு, அதுக்குக் கேட்டிருக்காது. வாயாலதான் சொன்னேன். அதுகிட்ட சொல்லிருங்க."

"சரிங்க."

"எங்க வீட்ல இப்ப பேசுறோம்" என்றார். எதைப் பற்றி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திருச்சுழி பஸ் வந்தது. கட்டுகளை முதலில் ஏற்றிவிட்டு, "வாரேன் டீச்சர்" என்று ஏறிப் போனார்.

வீட்டுக்கு வந்து அவளுக்கு எழுதினேன். அவர் சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். அடுத்த பதிப்பில் அந்த வரியைத் திருத்த வேண்டுமா என்றும் கேட்டேன்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. "அவருக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் நான் கையைப் பார்த்தேன். என் கையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தது, அவர் கை மேலே போனது. திருத்த வேண்டாம்."

இருவரில் யார் சொல்வது நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டாம் பதிப்பு இப்போது அச்சில் இருக்கிறது. அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.